பூநாரைக்குச் சாயம் பூசினோம்

சென்ற பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் மூவரும் நானும் இராமேசுவரம் தீவுக்குச் சென்று வந்தோம். திரும்பியதும், தனுஷ்கோடியில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக அச்சிட்டு நம் மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். தோழர்கள் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். நீல வானத்தில் செக்கச் சிவந்த சிறகுகளை விரித்து எழும் பூநாரைக் கூட்டம். "ஐரோப்பாவுக்குப் போய் எடுத்தது போல் இருக்கிறதே!" என்று வியந்தார் ஒருவர். நாங்களும் பெருமை தாங்காமல் சிரித்துக்கொண்டு நின்றோம்.

அந்தப் படத்தில் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. இரண்டையும் செய்தவர்கள் நாங்களே. அவற்றை ஒப்புக்கொண்டு, விடுமுறைக்குப் போன இடத்தில் பறவை பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் பற்றி என் மனத்தில் பட்டதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் பறவை நூல் வல்லவன் அல்லன். வேதியியல் படிக்கிறவன். நாரைக்கும் கொக்குக்கும் வேறுபாடு தெரியாமலே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டவன். ஆகையால் இங்கே யாருக்கும் பாடம் நடத்த வரவில்லை.

இராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் பாம்பன் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்தோம். கோயிலும் தீர்த்தங்களும் முதல் நாளோடு முடிந்தன. மறுநாள் விடியற்காலையில் தனுஷ்கோடிச் சாலையில் புறப்பட்டோம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர் அது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம், மணலில் குலுங்கிக்கொண்டு ஓடும் வேன்களில்தான் அங்கே போக முடிந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. ஒரு பக்கம் அலை அடங்கிய கடல். அதைப் பெண்கடல் என்கிறார்கள். மறு பக்கம் சீறுகின்ற கடல், அது ஆண்கடலாம். சாலை வந்ததால் எங்களைப் போன்றவர்களும் வந்து சேர்ந்தோம். பூநாரைகளோ சாலைக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருப்பவை.

கோதண்டராமர் கோயிலை நெருங்கும் இடத்தில், முழங்கால் அளவுகூட ஆழமில்லாத நீர்ப்பரப்பில் அவை நின்றுகொண்டிருந்தன. தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ வேட்டிகளை வெளுத்து உலர்த்தியிருப்பது போன்ற ஒரு வெண்மை. ஓர் இளஞ்சிவப்பு அதில் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. எல்லாப் பறவைகளும் தலையைக் கவிழ்த்து நீருக்குள் விட்டிருந்தன. பூநாரை தலைகீழாகத்தான் உண்ணும். வளைந்த அலகை நீருக்குள் கவிழ்த்து, நாக்கைப் பம்புபோல் இயக்கி நீரை உறிஞ்சித் தள்ளும். அலகின் ஓரத்தில் சல்லடைபோல் அமைந்த தகடுகளில் நுண்ணுயிர்களும் சிறு கூனிகளும் சிக்கும். ஒரு கவளம் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு சிறிய இரையால் வளர்க்க வேண்டுமென்றால் நாள் முழுவதும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்ய வேண்டும். நம் ஆய்வுக்கூடத்துத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

சாலையோரத்தில் நின்றபடி ஒரு படம் எடுத்தேன். வெள்ளைப் புள்ளிகள்தான் விழுந்தன. "இதை யார் பார்ப்பார்கள்? பறக்கும்போது எடுக்க வேண்டும்" என்றான் நண்பன். அவன் சொன்னதில் ஓர் உண்மை உண்டு. பூநாரை நிற்கும்போது அதன் அழகு சிறகுக்குள் மடிந்து கிடக்கிறது. பறந்தால்தான் சிறகின் செம்மையும் அதன் ஓரத்துக் கருமையும் வெளியே தெரியும். அந்தப் பறவைக்கு வந்த வினையே அதுதான். நின்ற இடத்தில் அழகாக இருந்திருந்தால் அதை யாரும் துரத்தமாட்டார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினோம். முதலில் ஓரத்தில் நின்ற சில பறவைகள் தலையை நிமிர்த்தின. பிறகு எல்லாக் கழுத்துகளும் நிமிர்ந்தன. பிறகு கூட்டம் முழுவதும் ஒரே திசையில் நடக்கத் தொடங்கியது. இவை எச்சரிக்கைகள் என்பதை அறிய எந்த நூலும் தேவையில்லை. ஆயினும் நாங்கள் அறிந்துகொள்ளவில்லை. நண்பன் கைதட்டிக்கொண்டு ஓடினான். நானும் ஓடினேன். கனமான பறவை ஆகையால் அது காக்கையைப்போல் நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது. நீரின் மேல் பல அடி தடதடவென்று ஓடித்தான் எழ வேண்டும். அப்படி ஓடி எழுந்தன. நாங்கள் நால்வரும் மாறி மாறி அழுத்தியதில் நூற்றுக்கணக்கான படங்கள் விழுந்தன. அவற்றில் ஒன்றுதான் பலகையில் நீங்கள் பார்த்தது. முதல் குற்றம் இது.

இரண்டாவது குற்றம் விடுதி அறையில் நடந்தது. படம் நன்றாக வந்திருந்தது. ஆனால் நாங்கள் எதிர்பார்த்த சிவப்பு இல்லை. கைப்பேசியில் வண்ணத்தைக் கூட்டும் வசதி இருக்கிறதல்லவா? விரலால் ஒரு கோட்டைத் தள்ளினோம். வெளிறிய பறவைகள் எல்லாம் மருதாணி இட்டாற்போல் சிவந்துவிட்டன. எவ்வளவு வேடிக்கை பாருங்கள்! அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. கேரட்டின் நிறப்பொருளைக் கண்ணாடிக் குழாயில் வடித்துப் பிரிப்பது எங்கள் செய்முறை வகுப்பில் ஒரு பயிற்சி. அதே குடும்பத்து நிறப்பொருள்கள்தாம் பாசியிலும் கூனியிலும் இருந்து பூநாரையின் இறகுக்குப் போகின்றன. பிறக்கும்போது அதற்குச் சிவப்பு கிடையாது. குஞ்சும் இளம்பறவையும் சாம்பல் நிறம். உண்டு உண்டு, சில ஆண்டுகள் கழிந்த பிறகே முழு நிறம் வருகிறது.

ஆகவே ஒரு கூட்டத்தில் சாம்பல் நிறப் பறவைகள் எத்தனை என்று எண்ணினால், அண்மை ஆண்டுகளில் பிறந்து பிழைத்த இளம்பறவைகள் எத்தனை என்று ஓரளவு அறியலாம். பூநாரை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. இந்தியாவில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் கட்ச் உப்பு வெளி. 1945-இல் சாலிம் அலி ஒட்டகத்தில் சென்று கண்டு எழுதிய இடம் அது. அங்கே மழை பெய்து நீர் தக்கபடி நின்றால்தான் மண்மேடு கட்டி முட்டையிடும். எனவே தனுஷ்கோடியில் நிற்கும் ஒரு சாம்பல் பறவை வெறும் அழகற்ற பறவை அன்று. எங்கோ ஓர் உப்பு வெளியில் ஒரு நல்ல மழைக்காலம் நடந்தது என்பதற்குச் சான்று அது. அந்தச் சான்றைத்தான் விரலால் தள்ளி அழித்தோம். ஆய்வுக்கூடத்தில் ஒருவன் தன் அளவீடுகளை இப்படித் திருத்தினால் அவனை என்னவென்று சொல்வோம்?

"விடுமுறைக்குப் போனவனிடம் இவ்வளவு கணக்கா? நாங்கள் என்ன ஆராய்ச்சிக்கா போனோம்? ஒரே ஒரு முறை பறக்கவிட்டால் பறவை செத்தா போய்விடும்?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். சாகாது. ஆனால் நாங்கள் சேற்றைக் கழுவிவிட்டுச் சாலையோரக் கடையில் தேநீர் குடித்து, மீன் வறுவல் தின்று முடிப்பதற்குள் அந்தக் கூட்டம் மேலும் நான்கு முறை எழுந்தது. ஒரு முறை ஒரு நாய். ஒரு முறை யாரோ பறக்கவிட்ட குட்டி விமானப் படக்கருவி. மற்ற இரண்டு முறையும் எங்களைப்போலவே கைதட்டிக்கொண்டு ஓடிய விடுமுறைக் கூட்டம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறைதான் ஓடினார்கள். பறவைக்கு அது காலையிலிருந்து ஐந்தாவது முறை. ஒவ்வொரு முறையும் உண்ணும் நேரம் போகிறது; உண்டு சேர்த்த கொழுப்பும் போகிறது. இன்னும் நீண்ட தூரம் திரும்பிப் பறக்க வேண்டிய விருந்தாளி அது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை இலையிலிருந்து ஐந்து முறை எழுப்பிவிட்டு, அவர் எழுந்த அழகைப் படம் பிடித்துக் காட்டுவோமா?

இந்த நிலத்தைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜூன் 5 அன்று அறிவித்தது. பரப்பு ஏறத்தாழ 525 ஹெக்டேர். நல்ல செயல். ஆனால் நீண்ட சாலையின் ஓரமெங்கும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் மக்கள் பறவைகளைக் காத்து வந்ததற்கு 1798-இலேயே கும்பினி ஆட்சியின் ஆணை கிடைத்தது. ஆணைக்கு முன்பே காவல் இருந்தது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. சிவகங்கைச் சீமையின் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீடுகள்தாமே அவையும்? நம்மால் பத்து நிமிடம் கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

இனி மறுபக்கம். இந்தக் கதையை வேறு துறையில் ஆராய்ச்சி செய்யும் மூத்த மாணவர் ஒருவரிடம் சொன்னேன். "அதனால்தான் சொல்கிறேன், பொழுதுபோக்குக்கு வருகிறவர்களை அங்கே விடவே கூடாது. பறவையை அறிந்தவர் மட்டும் போனால் போதும்" என்றார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அறிந்தவர் எங்கிருந்து வருகிறார்? ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனவர்தாமே மறுநாள் அறிந்தவர் ஆகிறார்? அன்றியும், இந்த நாட்டின் பறவைகளைப் பற்றிய கணக்கில் பெரும்பகுதியை வேடிக்கை பார்த்தவர்களே கொடுத்திருக்கிறார்கள். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை பார்ப்போர் எழுதிவைத்த சுமார் மூன்று கோடிக் குறிப்புகள் அதற்கு அடிப்படை. அவர்களுள் வங்கி ஊழியரும் ஆசிரியரும் இல்லத்தரசியரும் மாணவரும் உண்டு. தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களிலேயே இதற்கென ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. நாங்கள் தனுஷ்கோடியில் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில் வேறு சிலர் தத்தம் ஊர்க் கண்மாய்க் கரையில் அமைதியாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பூநாரையைப் பற்றியே இன்னொரு செய்தி. நம் தீவுக்கு வரும் அதே இனம்தான் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் வாழ்கிறது. சைப்ரஸ் தீவில் லார்னகா விமான நிலையத்தை அடுத்த உப்பேரியில் குளிர்காலம்தோறும் வந்து நிற்கிறது. சார்டீனியாத் தீவின் தலைநகரான காலியாரியின் விளிம்பிலேயே, பழைய உப்பளம் ஒன்றில் 1993 முதல் கூடு கட்டுகிறது. பிரான்சின் தென்கோடியிலுள்ள கமார்க் சதுப்பு நிலத்தில் 1977 முதல் குஞ்சுகளின் காலில் எழுத்துப் பொறித்த வளையம் மாட்டி விடுகிறார்கள். பறவை பறந்துவிடும், பிறகு அது எங்கே போயிற்று என்று எப்படி அறிவது? கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்த ஒருவர், தொலைநோக்கியாலோ நீண்ட வில்லையாலோ அந்தக் காலின் எழுத்தைப் படித்து, நாளும் இடமும் குறித்து அனுப்புகிறார். கமார்க்கில் பிறந்த பறவை சார்டீனியாவிலும் ஸ்பெயினிலும் துனிசியாவிலும் துருக்கியிலும் வாழ்கிறது என்று இவ்வாறே தெரிந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வளையத்து எழுத்தைப் படிக்க வேண்டுமானால் பறவை நிற்க வேண்டும். ஓடிப்போய் எழுப்பிவிட்டால் எழுத்தும் போயிற்று. அழகான படத்துக்கு அங்கே மதிப்பு ஒன்றும் இல்லை. மங்கலாக இருந்தாலும் எழுத்துத் தெரியும் கால் ஒன்று போதும்.

நம்மவருள் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத் தக்கவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்தவர். நாற்பதுகளில் இன்றைய கர்நாடகத்திலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணிபுரிந்தார். பிழைப்புக்காகக் கன்னட நாட்டுக்கு வந்த தமிழர் என்ற வகையில் நமக்கு உறவினர் என்றே சொல்லலாம். 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார், அக்கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்துள்ளன. எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் அல்லர் அவர். பல உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட படக்கருவியைக் கொண்டு காட்டில் காத்திருந்தவர். அவர் படங்கள் கறுப்பு வெள்ளை. சாயம் பூசுவதற்கு அவற்றில் இடமே இல்லை. ஆயினும் அந்த யானை எப்படி நின்றது, எதைக் கேட்டுக் காதை விரித்தது என்பது தெரிகிறது.

இன்னும் பின்னே போனால் சத்திமுத்தப் புலவர் இருக்கிறார். வறுமையில் குளிர் தாங்காமல் கிடந்தபோது நாரையை மனைவியிடம் தூது விட்டவர். அந்தப் பறவையின் அலகு எப்படி இருந்தது, எத்திசை போய் எத்திசை திரும்பும் என்று அவர் சொல்லிவைத்ததால், அது எந்த இனம் என்று இன்றும் பறவை அறிஞர்கள் வாதாட முடிகிறது. குளிரில் நடுங்கியவருக்குக்கூட அலகைப் பார்க்க நேரம் இருந்தது! எங்கள் நால்வரிடமும் நான்கு படக்கருவிகள் இருந்தன. 'அலகின் நுனி என்ன நிறம்?' என்று திரும்பி வரும் வழியில் ஒருவர் கேட்டபோது நால்வருக்கும் தெரியவில்லை. கைப்பேசியைத் திறந்து பார்த்துக் கறுப்பு என்றோம்.

இவ்வளவும் நினைத்துக்கொண்டு ஊர் திரும்பிய மறுநாள் மாலை அல்சூர் ஏரிக்குப் போனேன். ஜோகுபாளையத்தில் என் அறையிலிருந்து பத்து நிமிட நடை. இரண்டு ஆண்டுகளாக அதன் கரையோரமாகத்தான் கல்லூரிப் பேருந்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் சாக்கு மூடிக் கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை அங்கே இருப்பதை ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டியிருக்கிறேன். ஏரிக்குள் தீவுகள் இருக்கின்றனவே, அவற்றை நான் பார்த்ததாகவே நினைவில்லை! தீவைத் தேடி இராமேசுவரம் வரை போய் வந்தவன் நான். அந்தத் தீவு மரங்களில் அன்று நீர்க்காகங்கள் சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் ஐந்து நீரில் மிதந்தன. நெற்றியில் நாமம் இட்ட கறுப்புக் கோழி போன்றவை நிறைய இருந்தன, பெயர் தெரியவில்லை. கரையில் தேநீர் விற்கும் பெரியவரிடம் கேட்டேன்.

"ஐயா, அந்தக் கறுப்புப் பறவைக்கு என்ன பேர்?"

"நாமக்கோழி, தம்பி. நெத்தியைப் பார்த்தா தெரியலையா?"

"அந்தக் கிளையில் குந்திக்கொண்டு தூங்குகிறதே, அது?"

"அதா? வக்கா. இப்போ தூங்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளம்பும் பாரு. எங்க ஊர்ல ராக்கொக்குன்னும் சொல்லுவோம்."

அவர் ஊர் வேலூர்ப் பக்கம். வந்து ஐம்பது ஆண்டு ஆகிறதாம். கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால் ஒரு நொடியில் பறவையின் இலத்தீன் பெயர் வந்துவிடுகிறது. அதையும் பயன்படுத்துகிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் பெரியவர் சொன்ன பெயரோடு அது எப்போது தூங்கும், எப்போது கிளம்பும் என்பதும் சேர்ந்து வந்தது. விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்து பார்த்தேன். கிளம்பிற்று.

2016 மார்ச்சில் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஊரெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் ஆண்டு இங்கே எத்தனை நீர்க்காகங்கள் மீன் பிடித்தன, பின் ஆண்டு எத்தனை என்று கரையில் நடந்த மாணவர் ஒருவர் தம் கையேட்டில் எழுதியிருந்தால் அது எவ்வளவு பயன்பட்டிருக்கும்! இந்தப் பக்கத்தில் குடியிருக்கும் தமிழ் மாணவர்கள் மட்டும் ஐம்பது பேராவது இருப்போம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஆள் மாறுவோம். கையேடு மாறாமல் மன்ற அறையில் இருக்கலாம். நாள், நேரம், இடம், எந்தப் பறவை, எத்தனை: இவ்வளவுதான் எழுத வேண்டியது. படம் இருந்தால் சேர்க்கலாம், வண்ணத்தைத் தொடாமல்.

பலகையிலிருந்த படத்தைச் சென்ற வாரம் எடுத்துவிட்டோம். அதன் இடத்தில், சேற்றில் இறங்குவதற்கு முன் சாலையிலிருந்து நான் எடுத்த வெள்ளைப் புள்ளிப் படத்தை ஒட்டியிருக்கிறோம். பறக்கும் படத்தில் சிறகின்மேல் சிறகு மறைந்து எண்ணவே முடியவில்லை. இதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எளிதாக எண்ண முடிந்தது. படத்துக்குள் அடங்கியவை 61. அவற்றுள் சாம்பல் நிறம் 14. நாளும் இடமும் எண்ணிக்கையும் கீழே எழுதியிருக்கிறோம். இப்போது அதன் முன் நிற்பவர் மிகக் குறைவு. முதலாண்டு மாணவி ஒருவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பதினான்கும் ஏன் சாம்பலாக இருக்கின்றன, அண்ணா?" என்று கேட்டார்.

அவரும் நாங்கள் நால்வரும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வள்ளுவர் சிலையருகே கூடுகிறோம். கையேடு வாங்கியாயிற்று; நூறு பக்கம். தொலைநோக்கி ஒன்றுதான் இருக்கிறது. வைத்திருப்போர் கொண்டுவந்தால் நல்லது.